வராத பையனுக்குப் போட்ட சாவி

"முதல்ல பூட்ஸக் கழட்டு" என்பார் அய்லி காங்காஸ். விருந்தாளி, பாதிரியார், மீட்டர் பார்க்க வருகிறவர், யாராக இருந்தாலும் வாசலில் முதல் வார்த்தை அதுதான். ஒருமுறை புகைபோக்கியில் தீப்பிடித்தபோது, அவரே கூப்பிட்டு ஓடிவந்த தீயணைப்புக்காரரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாராம்.

பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவர் தொழில். விடிவதற்குள் கண்ணாடிப் பனியைச் சுரண்டி, இஞ்சினைச் சூடாக்கி, ஏரிச் சாலை நெடுகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். பின் இருக்கையில் சண்டை மூண்டால் திட்டமாட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னல் ஊசியைக் கையில் எடுப்பார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போயிடாது." பிள்ளைகள் தாமே அடங்கிப் போவார்கள். அப்படிச் சாலையோரத்தில் பின்னிய கம்பளிக் கையுறைகள்தான் எங்கள் ஊர் ஹார்ட்டிகனில் பாதிப் பேரின் கையில் இருக்கின்றன. என் கையிலும் அதுதான். இந்த வடக்கு ஒண்டாரியோக் குளிரில் நான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததில் அவருக்கும் பங்குண்டு.

எங்கள் ஊரில் ஒரு காகித ஆலை, ஒரு சுரங்கம், ஒரு ஐஸ் ஹாக்கி அணி. இளையோர் லீக்கில் ஒவ்வொரு வசந்தத்திலும் டிராஃப்ட் நடக்கும். பதினாறு வயதுப் பையன்களை அணிகள் வரிசையாகப் பேர் சொல்லி எடுக்கும். எந்த அணி பேரைச் சொல்கிறதோ அந்த ஊருக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் போய் விளையாட வேண்டும். பையனை யாரும் கேட்பதில்லை. கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் முதல் பையன் கிடைப்பான், நாங்கள் பெரும்பாலும் கடைசிதான் என்பதால் எங்களுக்கு நல்ல பையன்களாகவே கிடைப்பார்கள். ஆனால் வரமாட்டார்கள். தெற்கே டொராண்டோ பக்கத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டாலே குளிர் அடிக்கும். ஏஜென்ட் மூலம் "வரமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், அவனை வேறு அணிக்கு மாற்றிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

அய்லியின் வீட்டுக் கீழறை அப்படி வருகிற பையன்களுக்கானது. கணவர் ரெய்னோ இறந்த பிறகு திறந்துவிட்டார். ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டியும், கொல்லையில் நீராவிக் குளியலும், "ராத்திரி லைட்டு எரியணுமா, அணைக்கணுமா?" என்ற கேள்வியும் முதல் நாளே கிடைக்கும். எரியட்டும் என்று சொல்ல வெட்கப்படுகிறவனுக்கு அவரே மறந்ததுபோல் விட்டுவிடுவார்.

பேர் சொன்ன அன்றே அந்தப் பையனுக்கு, தங்கப்போகும் வீட்டின் சாவி ஒன்று புதிதாகப் போட்டு வைப்பது இங்கே வழக்கம். வருவானா என்று தெரிவதற்கு முன்பே போட்டுவிடுவோம். நம்பிக்கை என்று சொல்லிக்கொள்வோம், அவசரம் என்பதுதான் சரி. வராமல் போனவன் பிறகு என்றைக்காவது எதிரணியில் வந்து நின்றால், அரங்கமே எழுந்து நின்று அவரவர் சாவிக்கொத்தை ஆட்டும். உன் சாவி இங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாயிரம் சாவிகள் குலுங்குவதைக் கேட்டால் உடம்பு கூசும்.

தயங்குகிற பையனின் வீட்டுக்கு போன் போட்டுப் பேசுவது அய்லியின் வேலை. அணி மேலாளர் மார்செல் லகாசே கொடுத்த வேலை அது. அய்லி பேசினால் தாய்மார்கள் இளகிவிடுவார்கள். டேவின் என்றொரு பையன் அப்படித்தான் வந்தான். கீழறையிலிருந்து சூடான காற்று வரும் குழாய் சமையலறையில் திறக்கிறது, அதில் எல்லாம் கேட்கும். அவன் அழுவதும் கேட்டது. அய்லி உடனே எழுந்து பாத்திரங்களை உருட்டுவாராம். "மேல ஒரு ஆளு முழிச்சிருக்குன்னு தெரிஞ்சா கொஞ்சம் தெம்பா இருக்கும்ல" என்று என்னிடம் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போன டேவின் திரும்பி வரவில்லை. மட்டையையே தொடுவதில்லை என்று அவன் அம்மா எழுதியிருந்தார். அதன் பிறகு வெகுநாள் அய்லியின் வீட்டில் ரொட்டி வாசனை வரவில்லை.

அடுத்த டிராஃப்டில் கீரன் வாட்லியை எடுத்தோம். அப்படியொரு பையன் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. மார்செல் அய்லியின் வீட்டுக்கே வந்தார், பூட்ஸைக் கழற்றினார், ஓட்டைக் காலுறையோடு சமையலறையில் உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"இவன் வந்தா அரங்கம் நெறையும் அய்லி. வரலேன்னா முதலாளிங்க டீமைத் தெக்க வித்துருவாங்க. நான் பயமுறுத்தல, பேச்சு நடக்குது. நீ ஒரு வார்த்தை பேசு."

"சாவி போட்டாச்சு. பேசுறேன்" என்றார் அய்லி.

மார்செல் போன பிறகு போன் போட்டார். மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தார். தாயிடம் நன்றாகத்தான் பேசினார். பள்ளிக்கூடம், சாப்பாடு, ஏரி எல்லாம் சொன்னார். அப்புறம் பையன் போனை வாங்கினான்.

"எல்லாரும் ஏஜென்ட்தான் வேணாம்னு சொல்றாருன்னு நெனைக்கிறாங்க. அவர் இல்ல. எனக்கே பயமா இருக்கு" என்றான். "உங்க வீட்ல இருந்த பசங்க சந்தோஷமா இருந்தாங்களா?"

அய்லி மாவுக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"சில பேர் இருந்தாங்க. கடைசியா இருந்தவன் இல்ல."

"அவன் என்ன பண்ணான்?"

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா நானே வண்டில கொண்டுபோய் விட்டிருப்பேன்." போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "உனக்கு மனசு இல்லேன்னா இப்பவே சொல்லிடு கண்ணு. வந்தப்புறம் சொல்றது ரொம்பக் கஷ்டம்."

"தாங்க்ஸ்" என்றான். மறுநாள் வரமாட்டேன் என்று செய்தி வந்தது.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. "ஒரு பொய் சொல்லக்கூடாதா? ஊருக்காக?" என்று கேட்டேன்.

"டேவினுக்குச் சொன்னேனே" என்றார். மார்செலிடம் நான் மூச்சு விடவில்லை. இந்தப் பத்திரிகையை ஹார்ட்டிகனில் என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன். அணி இன்னும் இங்கேதான் இருக்கிறது. அடுத்த வருஷம் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

போன வாரம் கீரன் எதிரணிச் சட்டையில் எங்கள் அரங்கத்துக்கு வந்தான். டிக்கெட் அத்தனையும் விற்றிருந்தது. அய்லி வழக்கமான இடத்தில், என் பக்கத்தில். பின் வரிசையில் பழைய சுரங்க ஆள் ஆஸ்கர் ஹலோரன் குனிந்து அவர் தோளைத் தட்டினார்.

"உன் வீட்டு ரூமைத்தான் அந்தத் துரை வேணாம்னுட்டாரு. நீதான் முதல்ல ஆட்டணும் அய்லி. திமிரு புடிச்ச பய."

"நீ முதல்ல காலைக் கீழ எறக்கு ஆஸ்கர். பூட்ஸ் என் முதுகுல இடிக்குது" என்றார் அய்லி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கீரன் பனிக்களத்தில் இறங்கியதும் சாவிச் சத்தம் தொடங்கியது. ஒல்லிப் பையன். தலைக்கவசத்துக்குள் முகம் சுண்டிப் போயிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. என் கையிலும் சாவி இருந்தது, நானும் இந்த ஊர் ஆள்தானே. ஆஸ்கர் மறுபடி அய்லியின் தோளைத் தட்டினார். வரிசை முழுக்க அய்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அய்லி எழுந்தார். எல்லோரையும்போல வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். ஆஸ்கர் கைதட்டினார், விசில் அடித்தார். கீரன் இரண்டு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை அய்லி கையை இறக்கவில்லை. ஒட்டி நின்ற எனக்கு மட்டும்தான் அந்தக் கையிலிருந்து சத்தம் வராதது தெரிந்தது. சாவிக்கொத்தை, அவனுக்குப் போட்ட சாவியோடு சேர்த்து, கம்பளிக் கையுறைக்குள் இறுகப் பொத்தி வைத்திருந்தார்.