புகையா, சத்தமா?

புதன்கிழமை காலை டீக்கடையில் பள்ளி எழுத்தர் சொன்னார்: “வே, நம்ம லேப் சுடலைமுத்து போயிட்டாரு.” இனி யாரும் என்னை அவரோடு ஒப்பிட மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு வரவில்லை.

நான் அறிவியல் ஆசிரியர்; அவர் ஆய்வக அட்டெண்டர். ஆசிரியர் அறையில் அவருக்கு ஒருநாளும் நாற்காலி கிடையாது. நேற்று அவர் உடலுக்கு மாலை போட்ட கைகள்தான் அன்று அவரை நிற்க வைத்தவை. என் கையும் அதில் உண்டு.

ஒருமுறை மாணவர் முன்னால், ஒரு பையன் நழுவவிட்ட அடிக்கோலைப் பிடித்துக் காட்டினேன். நான் ஒன்பதாவது அங்குலத்தில் பிடித்தேன். அவர் ஐந்திலேயே பிடித்துவிட்டார். “சார், நீங்க விடுத கையப் பாக்கிய. நான் ஸ்கேலப் பாக்கேன்” என்றார். வகுப்பே கைதட்டியது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு அந்த விளையாட்டு விழா. நூறு மீட்டரில் மாணவியரை இரண்டு சுற்றாக ஓடவிட்டோம். நேரம் குறைந்தவளுக்கு மாவட்டப் போட்டி; அதில் தேறினால் விடுதியும் படிப்பும் இலவசம். முதல் சுற்றுக்கு என் ஸ்டாப் வாட்ச், அடுத்ததற்கு அவருடையது. எல்லைக்கோட்டில் நிற்பவன், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கியின் புகையைக் கண்டதும் அமுக்க வேண்டும். சத்தம் கால் நொடிக்கு மேல் பிந்தித்தான் வரும்; அதைக் கேட்டு அமுக்கினால் ஓடிய நேரம் அவ்வளவு குறைவாகக் காட்டும். பாடம் நடத்துகிறவன் நான். ஆனால் என் கண், அவரைச் சுற்றி நின்ற மாணவர் கூட்டத்தில் இருந்தது. சத்தம் கேட்டுத்தான் அமுக்கினேன்.

என் சுற்றில் ரைஸ்மில்காரர் மகள் முதல். அவர் சுற்றில் குருவிகுளத்துக் கூலிக்காரி மகள் செல்லத்தாய். என் கணக்கில் மில்காரர் மகளுக்குப் பத்தில் இரண்டு நொடி குறைவு.

சுடலைமுத்து அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: “சார், புகையப் பாத்து அமுக்குனியளா, சத்தம் கேட்டா?”

“புகையத்தான். எனக்கே பாடமா?”

“அதுக்கில்ல சார். ரெண்டு புள்ளையளையும் ஒண்ணா ஓடவிட்டுப் பாத்துருவோமே.”

தலைமையாசிரியர் சிரித்தார். “வாத்தியார் ஒண்ணு சொல்லுதாரு, அட்டெண்டர் ஒண்ணு சொல்லுதாரு. நான் எத எழுத?”

“என்னுடையதை” என்றேன். மில்காரருக்காக அல்ல. சுடலைமுத்து சொல்லி என் தவறு திருத்தப்பட்டதாக ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு செல்லத்தாய் பருத்திக் காட்டில் இருந்தாள்.

அவர் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பொறுமையின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

நேற்று சுடுகாட்டுப் பாதையில் செல்லத்தாய் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. “சார், நாந்தான் செயிச்சேன்னு அவிய மட்டுந்தான் சொன்னாவ” என்றாள். நான் தலைகுனிந்து நடந்துவிட்டேன்.

அவருடைய கண் எனக்கு வாய்க்கவில்லை. அவர் கேட்ட கேள்விதான் என்னிடம் இருக்கிறது. செல்லத்தாயும் படிக்கட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை ‘சுடலை’ என்றே கூப்பிட்டேன். சத்தம் கேட்டுத்தான் அமுக்கினேன், அண்ணாச்சி.