அப்பாவுக்குச் செல்லாத காசு

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு எதிரே அப்பா டீக்கடை வைத்திருந்தார். பத்து ரூபாய்க் காசை மட்டும் அவர் நம்பியதே இல்லை. ஒன்றில் பூ மாதிரி பத்து இதழ், இன்னொன்றில் பதினைந்து. புதிதாக வந்ததில் இதழ் போய்த் தானியக் கதிர் முளைத்திருந்தது.

"ஒரே காசுக்கு இத்தினி வேசமா?" என்பார்.

ஒரு ரூபாயைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கல்லாவில் போடுவார். "நாலு சிங்கம்ன்றான், மூணுதான் கீது. நாலாவது எங்க, லீவா?" தேசியச் சின்னத்தை இவ்வளவு அக்கறையாக ஆராய்ந்தவர் தில்லியிலும் இருந்திருக்க மாட்டார். பத்து ரூபாய்க் காசு செல்லும் என்று வங்கியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். "அப்ப டீயும் அங்கியே குடிக்கச் சொல்லு" என்றார். யாராவது மேசையில் வைத்துவிட்டு நழுவிய பத்து ரூபாய்க் காசுகள் மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

போன மாதம் அவர் இறந்துபோனார். எங்கள் பக்கம் இறந்தவர் நெற்றியில் சந்தனம் வைத்து ஒரு ரூபாய்க் காசு ஒட்டுவார்கள். வந்திருந்த சொந்தம் அத்தனை பேரிடமும் போன் இருந்தது, காசு இல்லை; கடைக் கல்லாவும் காலி. அத்தை பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

"இத்தயே வச்சுடலாம் கண்ணு. பத்து மடங்கு மரியாத."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆயுசு முழுக்க வேண்டாம் என்று தள்ளியதை, தள்ள முடியாத நேரத்திலா அவர் தலையில் கட்டுவது? "இரு அத்த, மாத்திக்கினு வரேன்" என்று அதே காசோடு தெருமுனை மளிகைக் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் அதைத் தொடவே இல்லை. "உங்க நைனாவே இத்த வாங்க மாட்டாரு. நான் வாங்குவனா?"

"நைனா போய்ட்டாருண்ணே. நெத்திக்கு ஒத்த ரூபா வோணும்."

சில்லறைக்குப் பதில் ஊருக்கே மிட்டாய் கொடுத்துப் பழகிய மனிதர், கல்லாவைக் கிளறினார். அடியிலிருந்து பூப்போட்ட ஒரு ரூபாய் ஒன்று வந்தது. "எட்துனு போ. அந்தப் பத்த நீயே வச்சுக்கோ" என்றார்.

வீட்டில் அடுத்த பஞ்சாயத்து காத்திருந்தது, காசின் எந்தப் பக்கம் மேலே என்று. "சிங்கம் மேல இருக்கட்டும், கவுருமெண்டு மரியாத" என்றார் மாமா, தேசியக்கொடி போர்த்தப் போகிறவர் மாதிரி. "சாவுக்குப் பூதான்" என்றார் அத்தை.

நான் பூவைத்தான் மேலே வைத்தேன், அத்தைக்காக இல்லை. சிங்கம் தன் பக்கம் இருந்தால் அப்பா எண்ணிப் பார்த்துக்கொள்வாரே என்றுதான்.

அவர் எண்ணவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காசைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.