எட்டுப் பேர் லீக்

அந்த ஞாயிறு மாலை, கிள்ளான் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காவலாளிச் சீருடை போட்டிருந்தார். கைப்பேசித் திரையைச் சட்டை நுனியால் துடைப்பார், பார்ப்பார், மறுபடி துடைப்பார்.

“பாஸ், பந்து பாப்பீங்களா?”

பார்ப்பதில்லை என்றேன். அவர் விடவில்லை. நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கைப்பேசியில் அணி கட்டும் விளையாட்டாம் அது. அவர்கள் ஒரு கோல் போட்டால் நமக்கு நான்கு புள்ளி. “என் ஸ்ட்ரைக்கருக்கு கால் வலி. ஸ்பேர்ல இருக்கறவன இறக்கவா, வேணாமா?”

பழைய தொழிற்சாலை நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்த லீக். மற்ற ஏழு பேரும் மாதக்கணக்கில் அணியைத் தொடவே இல்லை. அப்படியும் அவர்களில் ஒருவர் இவரைவிட மூன்று புள்ளி முன்னால் இருந்தார். இதுதான் கடைசி வாரம்.

“யாருமே ஆடலயே அங்கிள், ஜெயிச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“ஜெயிக்கறவன்தான் எல்லாருக்கும் வாழையிலை சாப்பாடு போடணும், அதான் எங்க ரூல்ஸ். நான் ஜெயிச்சாத்தானே அவனுங்கள கூப்பிட முடியும் லா?”

“இறக்கிடுங்க” என்றேன். பிரிக்பீல்ட்ஸில் நான் இறங்கும்போதும் திரையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் திரையில் பார்த்த பெயரை மறுநாள் தேடினேன். ஸ்பேர் ஆள் இரண்டு கோல் போட்டிருந்தான். அவனை இறக்கியிருந்தால், இந்நேரம் ஏழு பேரையும் கூப்பிட்டிருப்பார்.

எத்தனை இலை போட்டார் என்றுதான் தெரியவில்லை.