சாயாத கார்

என் பைக்கை எடுக்கப் போன பல்லடம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில், தைத்ததில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை. யாரிடம் பேசினாலும் முதலில் அவர் சட்டையில் நீட்டும் பிசிறைக் கிள்ளிவிடுவார்; என்னுடையதும் போனது. வளைவில் சாயாமலிருக்க, தன் பழைய காரின் பின்சக்கரங்களுக்கிடையே ஸ்வே பார் என்ற இரும்புக் கம்பியை மாட்டச் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க்கா, இது ரேஸ் பசங்க மாட்டறதுங்க," என்றார் காருக்கடியில் போல்ட் முறுக்கிய மெக்கானிக்.

"வளைவுக்கு வளைவு எங்கூட்டுக்காரரு, 'வண்டி சாயுது, நீ எறங்கு, நான் ஓட்டறேன்'ங்கறாருங்க. இனி என்ன சொல்றாருன்னு பாக்கோணும்."

பக்கத்தில் பாரம் இருந்தால்தான் தெரியுமென்று, ஓட்டிப் பார்க்க என்னை ஏற்றிக்கொண்டார். பெண்ணுரிமை பற்றி நிறையப் படித்த ஆண் பாரம் நான். ரவுண்டானாவில் கார் துளியும் சாயவில்லை. ஆனாலும் என் வாய், "மெதுவாங்க" என்றது.

ஓரமாக நிறுத்தினார். "கோளாறு வண்டியில இல்லீங்க. எறங்கிக்கங்க."

இறங்கினேன். எனக்குக் காட்டத்தானோ என்னவோ, அடுத்த வளைவை இன்னும் வேகமாகத் திரும்பினார்.