சிரித்துக்கொண்டே சாம்பார் ஊற்றிய மாதம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட பாதிப் பேருக்கும் தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். அவர் வேலை கேட்டு ஒவ்வொரு ஷெட்டாக ஏறி இறங்கினார். நான் வீட்டின் முன்னறையில் பெஞ்சுகளைப் போட்டு மெஸ் ஆரம்பித்தேன். அந்த பெஞ்சுகள் நிறைந்தால் எங்களுக்கும் சோறு. காலியானால் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பத்தூர் போய் நாத்தனார் வீட்டில் நிற்க வேண்டும். அவள் வாசலையே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், "வாங்க ராணியம்மா, பெங்களூரு எப்படி இருக்கு?" என்று கேட்க.

சாப்பிட வந்தவர்கள் லேத் ஓட்டுகிற, வெல்டிங் அடிக்கிற தமிழ்ப் பையன்கள். ஆம்பூர், அரூர், அரக்கோணம் பக்கத்து ஆட்கள். நான் கரண்டியால் பரிமாறியதைவிட வாயால் பரிமாறியது அதிகம்.

"ஏன்டா, பாகற்காயை ஓரமா ஒதுக்கறியே, அது என்ன உன் பங்காளியா?"

"கையைக் கழுவிட்டு வாடா. மெஷின் ஆயிலோட ரசம் குடிச்சா வயிறு ஸ்மூத்தா ஓடும்னு நெனப்பா?"

பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்கள். மறுநாளும் வருவார்கள். நான் அதையெல்லாம் யோசித்ததே இல்லை.

அப்புறம் எதிர்சாரியில் புதிதாக ஒரு மெஸ் வந்தது. டைல்ஸ் தரை, கை கழுவ வெள்ளை பேசின், கல்லாவில் யூனிபார்ம் போட்ட ஒரு பெண். "வாங்க சார், உட்காருங்க சார்" என்பாள். அந்தச் சிரிப்பு காலையில் முகத்தில் ஏறினால் சாயங்காலம் வரை இறங்காது. என் பையன்கள் தெருவுக்கு அந்தப் பக்கமாகவே நடந்து, என்னைப் பார்க்காத மாதிரி உள்ளே நுழைந்தார்கள். நான் கரண்டியோடு வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வந்து அழுதேன்.

"சாப்பாட்டுல குறையில்ல. உன் வாய்தான்" என்றார் வீட்டுக்காரர். "சுயதொழில் பயிற்சின்னு சும்மாவே சொல்லித் தர்றாங்களாம். ஒரு தடவை போயிட்டு வாயேன்."

போனேன். டை கட்டிய ஒருவர், நல்ல மனுஷன், பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசினார். தொழிலில் ஜெயிக்கிறவர்களின் குணங்கள் என்று போர்டில் எழுதினார். பொறுமை, இன்சொல், புன்னகை. ஒவ்வொன்றாக எழுத எழுத, என்னிடம் இல்லாதது எதெது என்று யாரிடமோ கேட்டு வந்து எழுதுகிற மாதிரி இருந்தது. கடைசியில், "கஸ்டமர்தாம்மா நமக்கு தெய்வம்" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுந்தேன்.

"சார், எங்க ஊர்ல மழை வரலன்னா மாரியாத்தா முன்னாடியே நின்னு, 'உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு'ன்னு கேப்போம் சார். அந்த மாதிரி தெய்வமா, வேற மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். "கூத்கொள்ளிம்மா" என்று கையைக் காட்டி என்னை உட்கார வைத்துவிட்டு, போர்டைத் துடைக்கத் திரும்பினார்.

மறுநாளிலிருந்து நான் சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். "வாங்க சார். சாம்பார் வேணுமா சார்? பாகற்காய் வேணாமா? பரவாயில்ல சார்." பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பூர்க்காரன் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டு, "நேத்து வெச்சதா இருக்குமோ?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தான். வீட்டு ஓனரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்ரீ, ஜ்வரனா?" என்று நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். மெஸ்ஸை வேறு யாருக்கோ கைமாற்றப் போகிறோம், அதனால்தான் அக்கா பல்லைக் காட்டுகிறது என்று பேச்சு கிளம்பியது. மிச்சமிருந்தவர்களிலும் பாதிப் பேர் எதிர்சாரிக்குப் போய்விட்டார்கள்.

மீந்த சாம்பாரை நாங்களே மூன்று வேளையும் சாப்பிட்டோம். பையன்களுக்குச் சேர வேண்டிய திட்டெல்லாம் வீட்டுக்காரருக்கே போய்ச் சேர்ந்தது. "நீ அவனுங்களையே திட்டித் தொலை, தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் கேட்கவில்லை. நாத்தனார் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அரக்கோணத்து டர்னர் ஒருவன் மட்டும் ஒரு நாளும் தப்பாமல் வந்துகொண்டிருந்தான். ஒரு மதியம் அவன் ஒருவன்தான் பெஞ்சில். ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வேற ஏதாவது வேணுமா சார்?" என்று பல்லைக் காட்டிக்கொண்டே குனிந்தேன். மடியில் மறைத்து வைத்திருந்த வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. விரல் வீங்கி, துணிக்கு மேலே பிதுங்கியிருந்தது.

"டேய்! கையில என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. போன வாரம் மெஷின்ல லேசா..."

"போன வாரமா? தெனம் என் எதிர்லயே குந்திச் சாப்பிட்டுட்டுப் போறே, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? சீழ் வெச்சு விரலையே எடுத்துட்டாங்கன்னா எதை வெச்சுடா லேத் ஓட்டுவே? உன்னைப் பெத்தவ கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எருமை! எந்திரி, ஆஸ்பத்திரிக்கு!"

சிரிப்பு நழுவிவிடக் கூடாதே என்று ஒரு மாதமாக என் முகத்தையே பிடித்துக்கொண்டு திரிந்ததில், யார் இலையையும் பார்க்கவில்லை, யார் கையையும் பார்க்கவில்லை. அவனோ வலியிலும் இளித்தான்.

"அப்பாடா! அக்காவுக்கு ஒடம்பு நல்லாயிடுச்சு!"

வீட்டுக்காரர் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். விரல் தப்பியது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "அக்கா திட்ட ஆரம்பிச்சிட்டாங்கடா" என்று அவன் ஷெட் ஷெட்டாகச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொருவனாகத் திரும்பி வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "வெக்கமா இல்ல? டைல்ஸைத் தின்னுட்டு வந்தியா? உக்காரு" என்று இலையைப் போட்டேன். பெஞ்சு நிறைந்தது. "வாயுள்ள புள்ள பொழைக்கும்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார் வீட்டுக்காரர். எங்கே சொன்னார்!

அதற்குப் பிறகு ஒரு நாள், கூட்டம் கலைந்து நான் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. எதிர்சாரிக் கல்லாப் பெண். அதே யூனிபார்ம், அதே சிரிப்பு.

"என்ன, வேவு பாக்க வந்தியா?"

"இல்லக்கா. சாப்பாடு இருக்குமா?"

"ஏன், உங்க மெஸ்ல அடுப்பு எரியலையா?"

"கடைசி கஸ்டமர் போற வரைக்கும் எங்களுக்குச் சாப்பாடு கெடையாதுக்கா. மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"டீ."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"அறிவிருக்கா உனக்கு? பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா வயிறு ரொம்பிடுமா? மயக்கம் போட்டு அந்த டைல்ஸ்லயே விழுந்தா எவன் வந்து தூக்குவான்? மொதல்ல அந்தச் சிரிப்பைக் கழட்டி வெச்சிட்டு உக்காரு!"

உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் உள்ளே போனதும் சிரிப்பு மெல்ல இறங்கியது. அதற்குக் கீழே களைத்துப்போன, சின்ன வயசு முகம் ஒன்று இருந்தது. குழம்பு, ரசம் எல்லாம் சாப்பிட்டாள். பாகற்காயை மட்டும் இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"அது என்னடி, உன் பங்காளியா?"

"கசக்குதுக்கா!" என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி பாகற்காய் அள்ளி வைத்தேன்.