மரகதம் டீச்சர் அளந்த வெடிப்பு

கலஹா பஸ் தரிப்பிடச் சுவரில் புதிதாக ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்த மரகதம் டீச்சரைப் பார்க்கப் போகத்தான் அன்று காலை அங்கே பஸ்ஸுக்கு நின்றேன். எழுத்தைக் கண்டால் நின்று படிப்பது என் புதுப் பழக்கம். ம, ர, க என்று கூட்டி, முழுப் பெயரையும் தடுமாறாமல் படித்துவிட்டேன். சரியாகப் படித்த சந்தோஷம்தான் முதலில் வந்தது. டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் என்ன படித்தேன் என்பது விளங்கியது. பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் டீச்சர். எனக்கு எழுபது வயது கடந்த பிறகு எழுத்துக் கற்றுத் தந்தவர். ஆயுளெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கை இது. "அண்ணே, அது பேனா, கவ்வாத்துக் கத்தி இல்ல. தாள் என்ன பாவம் செஞ்சுச்சு?" என்பார். "இந்தக் கை வெட்டின செடியெல்லாம் தழைச்சுச்சு தங்கச்சி, எழுத்தும் தழைக்கும்" என்பேன்.

எங்களுக்குப் பாடப்புத்தகம் பத்திரிகைதான். அதிலும் உலகத் தலைவர்கள் கூடும் பொருளாதார மாநாட்டுச் செய்தியைத்தான் டீச்சர் எடுப்பார். காரணம் இருந்தது. எங்கள் வரிசை வீடுகளில் கடைசி லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துப் பிளந்திருந்தது, எந்த மழையில் சரியுமோ தெரியாது. அங்கே பதினெட்டுக் குடும்பம். என் மகன் குடும்பமும் அதில் ஒன்று. வேறிடத்தில் வீடு கட்ட வெளிநாட்டு நிதி வந்தால்தான் முடியும் என்று தோட்ட அலுவலகமான கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

‘வளரும் நாடுகளின் தேவைகள் கவனத்தில் எடுக்கப்படும்.’ நான் முதன்முதலில் தனியாகப் படித்த வரி இதுதான். ஒரு மாலை முழுவதும் பிடித்தது. முடித்ததும் நானே கைதட்டிக்கொண்டேன்.

"நம்மளப் பத்திப் போட்டிருக்கான் தங்கச்சி!"

"எப்பன்னு போட்டிருக்கா பாருங்க."

கடைசி வரி வரை விரல் வைத்துத் தேடினேன். போடவில்லை.

டீச்சர் அந்தச் செய்தியை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டினார். தேயிலைக் கன்று நட அடையாளம் வைக்கும் குச்சி இரண்டை, வெடிப்பின் இரு பக்கமும் அடித்திருந்தார். ஒவ்வொரு மாநாட்டுச் செய்திக்குப் பக்கத்திலும் அன்றைய வெடிப்பின் அகலத்தை எழுதுவார். முதலாவதற்கு இரண்டு விரல். அடுத்ததற்கு நாலு விரல். அதற்கடுத்து ஒரு சாண். "அவுங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மலை பேசிரும் போலருக்கு அண்ணே" என்றார் ஒருநாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு குழு வந்தது. அப்படியொரு மாநாட்டில் ஒதுக்கிய நிதி எந்த இடங்களுக்குத் தேவை என்று பார்க்க வந்த வெளிநாட்டார். டீச்சர் விடியற்காலையே கொப்பியோடு கண்டிக்குப் போனார், அவர்களைக் கையோடு கூட்டி வர.

தோட்டத்தை நடத்தும் துரை வருகிறார் என்றால் லயத்தைக் கூட்டி, தண்ணீர் ஓடும் கான் வெட்டி, சுண்ணாம்பு அடிப்பது எங்கள் ஊறிப்போன வழக்கம். இது துரைக்கும் பெரிய துரை அல்லவா? நானும் இன்னும் நாலு பேரும் வெடிப்புக்குள் மண் போட்டு இடித்து, மேலே புல் பத்தைகளைப் பதித்தோம். குச்சிகளைப் பிடுங்கி ஒளித்தது நான்.

டீச்சர் அவர்களைக் கடைசி லயத்துக்குப் பின்னால் கூட்டி வந்தபோது பச்சைப் புல்தான் இருந்தது. "எப்படி இருக்கு தங்கச்சி?" என்றேன், பல் தெரிய. அவர் குடை நுனியால் புல்லைக் குத்தினார். கொப்பியைத் திறந்து காட்டினார். வந்தவர்கள் கொப்பியைப் பார்த்தார்கள், புல்லைப் பார்த்தார்கள். மழை தொடங்கியது. படம் எடுத்துக்கொண்டு வாகனத்தில் ஏறிவிட்டார்கள்.

மாலையில் அவர் முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சம். "நோயக் காட்டப் போற அன்னைக்கு யாராவது பவுடர் பூசிக்கிட்டுப் போவாங்களா அண்ணே?" என்றார். அவ்வளவுதான். "உக்காருங்க. இன்னைக்கு ‘வெடிப்பு’னு எழுதுங்க." பத்துத் தடவை எழுதினேன்.

உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியல் வந்தபோது எங்கள் தோட்டம் அதில் இல்லை. பதித்த புல் இரண்டு மழைக்குத் தாங்கவில்லை. வெடிப்பை நாங்கள்தான் மூடினோம் என்று சொல்ல டீச்சர் மூன்று தடவை கண்டிக்குப் போனார், மூன்று தடவையும் மழையில். மூன்றாம் தடவை காய்ச்சலோடு திரும்பினார். அந்தக் காய்ச்சல்தான் நெஞ்சுக்குள் இறங்கியது.

இதை எழுத எனக்கு ஐந்து நாள் பிடித்தது. ‘ழ’ வரும்போதெல்லாம் பேனா வழுக்குகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரியும் முடியும்போது மனம் துள்ளுகிறது. அதை மறைக்க மாட்டேன், அது அவர் தந்தது. அவருடைய கொப்பி இப்போது என்னிடம். நான் ஒளித்து வைத்த இரண்டு குச்சிகளையும் பழைய குழிகளிலேயே அடித்துவிட்டேன். மறைத்தவன் நான்தான் என்று என் கையாலேயே கந்தோருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை.

அடுத்த மாதம் தலைவர்கள் மறுபடி கூடுகிறார்களாம். செய்தியை வெட்டி ஒட்டிவிட்டேன். இன்று காலை அளந்து, பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதினேன்: ஒரு முழம். மகன் வீட்டுக் கதவு நிலை சாய்ந்து, நேற்றிலிருந்து மூட மாட்டேன் என்கிறது. அதையும் எழுதினேன்.