சிவப்புக் குச்சி போட்ட துப்பட்டா

என் அத்தை சங்கராபுரத்தில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். காலையில் மணலூர்பேட்டையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். நாள் முழுக்க ஊராருடைய சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும்.

அவளோடு வேலை பார்த்த டாக்டரம்மா ஒரு துப்பட்டா கொடுத்திருந்தார். நீலத் துணி, அதில் மெல்லிய சிவப்புக் குச்சிகள். டிபி கிருமியைப் படம் பிடித்து அப்படியே துணியில் அச்சடித்ததாம். எங்கள் வீட்டில் அது அத்தைக்கும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் அந்தத் துப்பட்டாவோடு நேராக அவர்கள் முன்னால் வந்து நின்றாள். புடவை மாற்றச் சொல்லி அம்மா கண்ணைக் காட்டினாள்.

“இருக்கட்டும் அண்ணி, காலு வலிக்குது” என்று பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை நன்றாகத்தான் இருந்தார். அத்தையோ அவருடைய அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. அவர் துண்டால் வாயைப் பொத்திப் பொத்தி இருமினார்.

மாப்பிள்ளையின் அம்மா துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தாள். “டிசைனு நல்லாக்கீது. இன்னா பூ இது?”

“குங்குமப்பூங்க” என்றாள் அம்மா அவசரமாக.

“பூ இல்லீங்க. டிபி கிருமி” என்றாள் அத்தை. அந்த அம்மாளின் கை சட்டென்று பின்வாங்கியது. அத்தை பெரியவர் பக்கம் திரும்பினாள். “மாமா, இந்த இருமலு எத்தினி நாளா கீதுங்க? ஒருவாட்டி சளி டெஸ்ட் எடுத்துடுங்க. கொழந்தைய மடியில வச்சிக்கினு கீறீங்களே.”

“பொண்ணு பாக்க வந்தமா, ஆஸ்பத்திரிக்கு வந்தமா?” என்று அந்த அம்மாள் எழுந்துகொண்டாள். கேசரி தட்டிலேயே கிடந்தது.

“வாய மூடிக்கினு இருந்தா இன்னா?” என்று அப்பா கத்தினார். அம்மா அழுதாள். அதற்கு முன்பும் இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன.

மறு வாரம் அந்தப் பெரியவர் வீட்டுக்குத் தெரியாமல் லேபுக்கு வந்தாராம். அவருக்கு டிபிதான். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் அத்தை உள்ளே போய்ச் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. இவளுக்குக் கல்யாணத்தில் ஆசையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து விளையாடப் போய்விட்டேன்.

ஆசை இருக்கிறவர்களும் அப்படி அசந்து தூங்குவார்கள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.